எந்த ஈரல்? எந்தப் பக்கம்?

புறநோயாளிகள் பிரிவில் ஒரு மூதாட்டி தம் மகளுடன் வந்து அமர்கிறார். அடிவயிற்றின் வலப்புறத்தில் இரண்டு நாளாக வலி. பரிசோதிக்கும் மருத்துவர் வயிற்றின் நடுவே நெடுக்காக ஓடும் பழைய தழும்பைக் காண்கிறார். "இது எப்போது செய்த ஆபரேஷன் அம்மா? எதை எடுத்தார்கள்?" என்று வினவுகிறார். "பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும் சார். உள்ளே ஏதோ கெட்டுப்போச்சுன்னு எடுத்துட்டாங்க" என்கிறார் மூதாட்டி. எதை என்பது அவருக்குத் தெரியாது. அப்போது வேறூரில் இருந்த மகளுக்கும் தெரியாது. மருத்துவக் கோப்போ ஒரு மழைக்காலத்தில் வீட்டினுள் தண்ணீர் புகுந்தபோது நனைந்து அழிந்துவிட்டது.

எடுக்கப்பட்டது குடல்வாலா, கருப்பையா, குடலின் ஒரு பகுதியா? இவ்வினாவுக்கு விடை கிடைத்தால் மருத்துவரின் ஐயங்களுள் பாதி தீர்ந்துவிடும். கிடைக்காதபோது ஸ்கேன், காத்திருப்பு, மீண்டும் பரிசோதனை என்று ஒரு முழு நாள் கழிகிறது. அந்த நாள் முழுவதும் மூதாட்டி வலியோடு இருக்கிறார். இத்தகைய ஒருவரைச் சந்திக்காத வாரம் எங்களுக்கு அரிது.

தம் உடலின் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லவும், அவை இருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டவும் அறிந்திருப்பது, மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துவதைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே எங்கள் கருத்து. அந்த அறிவை நோயாளிக்குத் தருவது மருத்துவமனையின் கடமை என்பதும் அதே அளவுக்கு எங்கள் கருத்து.

இக்குறை நம் ஊருக்கு மட்டும் உரியது என எண்ண வேண்டா. பிரித்தானியாவில் 1970-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, மருத்துவர் ஒரு சொல்லால் குறிப்பதும் நோயாளி அதே சொல்லால் விளங்கிக்கொள்வதும் வெவ்வேறாக இருப்பதைக் காட்டியது. 2009-ஆம் ஆண்டு இலண்டன் ஆய்வாளர்கள் எழுநூறுக்கும் மேற்பட்டோரிடம் உடல் வரைபடங்களைக் கொடுத்து, உறுப்புகள் சரியான இடத்தில் உள்ள படத்தைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். இதயத்தைச் சரியாகக் காட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. தமக்கு நோய் கண்டிருந்த உறுப்பு எங்கே உள்ளது என்பதையே அறியாத நோயாளிகளும் பலர் இருந்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

ஆகவே வெட்கத்துக்கு இடமில்லை. கீழே ஆறு வினாக்களைத் தந்திருக்கிறோம். மதிப்பெண் கிடையாது. வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் உடன் வந்தவரோடு சேர்ந்து விடை சொல்லிப் பாருங்கள். பிறகு மேலே படியுங்கள்.

ஒன்று: 'ஈரல்' என்று முடியும் மூன்று உறுப்புகள் எவை? அவை எங்கே உள்ளன?

இரண்டு: குடல்வால் அழற்சி, குடலிறக்கம், குடல்புண் ஆகிய மூன்றும் எவ்வாறு வேறுபடுகின்றன?

மூன்று: "வயிற்றில் கல்" என்றால் அந்தக் கல் எந்த உறுப்பில் இருக்கிறது?

நான்கு: "நரம்பில் ஊசி", "நரம்புச் சுருட்டு", "நரம்புத் தளர்ச்சி" ஆகியவற்றில் வரும் நரம்பு ஒன்றேதானா?

ஐந்து: சர்க்கரை நோய் எந்த உறுப்போடு தொடர்புடையது? உங்களுக்குத் தைராய்டு இருக்கிறதா?

ஆறு: நெஞ்சு என்பது எந்த உறுப்பு?

முதல் வினாவுக்குக் கறிக்கடையில் நிற்பவர்கள் எளிதில் விடை சொல்லிவிடுவார்கள். அங்கே வெறும் 'ஈரல்' என்றால் கல்லீரல்; 'சுவரொட்டி' என்றால் மண்ணீரல்; நுரைபோல் மென்மையாக இருப்பது நுரையீரல். ஆட்டின் உடலில் இவற்றைப் பிரித்தறியும் நாம், நம் உடலென்று வரும்போது "ஈரலில் கோளாறு" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம். கல்லீரல் வயிற்றின் மேற்பகுதியில், வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் உள்ளது. மண்ணீரல் இடப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில் உள்ளது. நுரையீரல்கள் மார்புக்கூட்டினுள் இருபுறமும் உள்ளன. கல்லீரல் வீங்கியதற்கும் மண்ணீரல் வீங்கியதற்கும் காரணங்கள் வேறாக இருக்கக்கூடும். நுரையீரல் நோய்க்கோ சிகிச்சை முற்றிலும் வேறு. வேறூர் மருத்துவரிடம் "ஈரல் வீக்கம் என்றார்கள்" என்று சொன்னால், அவர் அடுத்துக் கேட்கும் வினா "எந்த ஈரல்?" என்பதாகவே இருக்கும்.

இரண்டாம் வினாவில் உள்ள மூன்று பெயர்களிலும் 'குடல்' என்ற சொல் இருப்பதால் குழப்பம் எழுகிறது. குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில், அடிவயிற்றின் வலப்புறத்தில், புழுவைப்போல் தொங்கும் சிறு குழல். அது அழற்சியுற்றால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கிப் பிறகு வலப்பக்க அடிவயிற்றில் நிலைகொள்ளும். காலம் தாழ்த்தினால் குடல்வால் வெடித்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். குடலிறக்கம் என்பது வயிற்றுச் சுவர் நலிந்த இடத்தின் வழியாகக் குடலோ கொழுப்போ வெளித்தள்ளுவது. கனத்த வலையை இழுப்போரும் நெல் மூட்டை சுமப்போரும் தொடையிடுக்கில் புடைப்புக் கண்டால் மறைக்காமல் காட்ட வேண்டும். அந்தப் புடைப்பு உள்ளே போகாமல் இறுகி வலித்தால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். குடல்புண் என்று நாம் வழங்கும் 'அல்சர்' பெரும்பாலும் இரைப்பையிலோ, இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலிலோ உண்டாவது; மாத்திரையால் ஆறக்கூடியது. "எனக்குக் குடலில் கோளாறு இருந்தது" என்று மட்டும் சொன்னால் இவற்றுள் எதை மருத்துவர் எடுத்துக்கொள்வார்?

மூன்றாம் வினா கல்லைப் பற்றியது. சிறுநீரகங்கள் முதுகுப்புறமாக, முதுகெலும்பின் இருபக்கமும் உள்ளன. அங்கே உண்டாகும் கல் சிறுநீர்க்குழாய் வழியே இறங்கும்போது விலாப்புறத்திலிருந்து அடிவயிறு நோக்கி வலி பாயும். பித்தப்பையோ கல்லீரலுக்கு அடியில் வலப்புறத்தில் உள்ளது. அங்கே கல் இருந்தால், கொழுப்பு மிகுந்த உணவை உண்ட பிறகு மேல்வயிற்றின் வலப்புறத்தில் வலி எழுவதுண்டு. சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்லப்பட்ட "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற அறிவுரையைப் பித்தப்பைக் கல்லுக்கும் ஏற்றது எனக் கருதி, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுத் துன்புற்றவர்கள் உண்டு.

இதே இடத்தில் இன்னொரு சொல்லையும் சொல்லிவிட வேண்டும், அது 'ஸ்டென்ட்'. இதயத் தமனியில் வைக்கப்படும் ஸ்டென்ட் அங்கேயே நிலைத்திருக்க வேண்டியது. கல் நீக்கிய பின் சிறுநீர்க்குழாயில் வைக்கப்படும் ஸ்டென்ட் பெரும்பாலும் சில வாரங்களில், மருத்துவர் குறித்த நாளில் எடுக்கப்பட வேண்டியது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. "ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், அது எப்போதும் இருக்கும்" என்று பக்கத்து வீட்டு இதய நோயாளி சொன்னதை நம்பி, சிறுநீர்க்குழாய் ஸ்டென்ட்டை மறந்துவிட்டால் அதன்மேலேயே கல் படியும், சிறுநீரகமும் கெடும். உறுப்பின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் ஒரு சிறு பழக்கம் இங்கே ஒரு சிறுநீரகத்தையே காக்கிறது.

நான்காம் வினாவுக்கு விடை: இல்லை. பேச்சுத் தமிழில் நரம்பு என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. கையில் "நரம்பு ஊசி" போடும்போது செவிலியர் தேடுவது சிரையை. அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாயை. காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு தோன்றும் "நரம்புச் சுருட்டு" என்பதும் சிரையின் கோளாறே. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் புறப்பட்டு உணர்ச்சியையும் அசைவையும் கொண்டுசெல்வதே உண்மையில் நரம்பு. சர்க்கரை நோயாளிக்குப் பாதம் மரத்துப்போவது இந்த நரம்பு நலிவதால். "நரம்புத் தளர்ச்சி" என்பதோ கை நடுக்கம் முதல் மனச்சோர்வு வரை எதற்கும் வழங்கும் பெயராகிவிட்டது. காலில் சிரை புடைத்த ஒருவர், "நரம்பு" என்ற சொல்லை நம்பி, ஒரு நாள் கூலியை இழந்து, காரைக்காலிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பயணம் செய்து புதுச்சேரியில் மூளை நரம்பியல் மருத்துவரின் அறை வாயிலில் அமர்ந்திருந்தால், பிழை அவருடையதா, அந்தச் சொல்லை விளக்காமல் அனுப்பியவர்களுடையதா?

ஐந்தாம் வினாவின் முதற்பகுதிக்குப் பலர் சிறுநீரகம் என்று விடை கூறுகிறார்கள். 'நீரிழிவு' என்ற பெயர் அப்படி எண்ணத் தூண்டுகிறது. விடை கணையம். இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் இவ்வுறுப்பே இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் போதாதபோதும், உடல் இன்சுலினுக்கு இணங்காதபோதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. நெடுநாள் ஏறியே இருந்தால் சிறுநீரகமும் கண்ணும் பாதமும் பின்னர்ப் பாதிப்புறுகின்றன. இவ்வரிசையை அறிந்த நோயாளி, "சிறுநீர் நன்றாகத்தானே போகிறது, மாத்திரை எதற்கு?" என்று கேட்டு மருந்தை நிறுத்தமாட்டார்.

தைராய்டு நம் அனைவருக்கும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே அமைந்த சுரப்பி. "எனக்குத் தைராய்டு வந்துவிட்டது" என்று சொல்லும்போது, சுரப்பு மிகுந்துள்ளதா குறைந்துள்ளதா என்பதையும் சேர்த்துச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். இவ்விரண்டுக்கும் தரப்படும் மருந்துகள் எதிரெதிரானவை. ஒருவர் மாத்திரையை மற்றவர் வாங்கி விழுங்குவது தீங்காக முடியும்.

ஆறாம் வினாவில் ஒரு சிறு சூழ்ச்சி உண்டு. நெஞ்சு என்பது தனி உறுப்பன்று. அது ஓர் இடத்தின் பெயர். நெஞ்சு எரிகிறது என்றால் இரைப்பையின் அமிலம் உணவுக்குழாயில் ஏறியதாக இருக்கலாம். நெஞ்சு இறுகுகிறது, பாரம் ஏற்றியதுபோல் அழுத்துகிறது என்றால் இதயத்தின் தமனியில் அடைப்பு நேர்ந்திருக்கலாம். இதயம் மார்பின் நடுவில், சற்றே இடப்பக்கம் சாய்ந்து அமைந்துள்ளது. அதன் வலி நடு மார்பிலும், இடக்கையிலும், தாடையிலும், முதுகிலும், மேல்வயிற்றிலும்கூடத் தோன்றக்கூடும். ஆகையால் "இடப்பக்கம் வலிக்கவில்லை, இது வாயுதான்" என்று சோடா குடித்துக் காத்திருத்தல் கூடாது. வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் பெரிய வலியில்லாமலே மாரடைப்பு வரக்கூடும் என்பதை வீட்டிலுள்ளோர் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, பெயர் சொல்லவே தயங்கும் உறுப்புகளைப் பற்றி. "கீழே வலிக்கிறது", "அந்த இடத்தில் கட்டி" என்று மெல்லிய குரலில் சொல்லும் தாய்மாரை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். மார்பகம், கருப்பை, கருப்பைவாய், சினைப்பை, பிறப்புறுப்பு, விதைப்பை, மலவாய் ஆகிய அனைத்தும் கண், காதுபோல உறுப்புகளின் பெயர்களே. மருத்துவர் அறையில் அவற்றை உச்சரிப்பதில் இழுக்கு எதுவுமில்லை. உடலை உள்ளபடி நோக்கும் துணிவு நம் ஊருக்குப் புதியதும் அன்று. காரைக்காலம்மையாரைக் காட்டும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் விலா எலும்புகளை விரலால் எண்ணிவிடலாம். மெலிந்த மேனியை மறைக்க அந்தச் சிற்பிகள் முயலவில்லை.

இத்தயக்கத்தின் விலை பெரிது. "இடுப்பு வலி" என்று கருவுற்ற பெண் சொன்னால் அது முதுகு வலியாகவும் இருக்கலாம். பிரசவ வலியாகவும் இருக்கலாம். குறித்த நாளுக்கு முன்பே விட்டுவிட்டு வரும் வலி என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. "கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்" என்று சொல்பவரிடம், "சினைப்பைகளையும் சேர்த்தா? கருப்பைவாய் இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் விடை வருவதில்லை. சினைப்பைகள் நீக்கப்பட்டிருந்தால் எலும்பின் வலிமையைக் கவனிக்க வேண்டும். கருப்பைவாய் எஞ்சியிருந்தால் புற்றுநோய்க்கான பரிசோதனையைத் தொடர வேண்டும். விடை தெரியாதபோது இரண்டும் விடுபட்டுப்போகின்றன.

நீதிமன்றமும் இதைக் கண்டிருக்கிறது. உள்ளே பார்த்து நோயை அறிவதற்கு மட்டும் இசைவு தந்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருந்த வேளையில், தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அவ்வழக்கில் 2008-ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்கு அளித்த இசைவு உறுப்பை அகற்றுவதற்கு அளித்த இசைவாகாது என்றும், உயிர்காக்கும் அவசரம் இல்லாதபோது நோயாளியின் சொந்த இசைவே தேவை என்றும் தீர்ப்பளித்தது. நீங்கள் கையொப்பமிடும் தாளில் எழுதியிருப்பது உங்கள் உறுப்பின் பெயர். அதைப் புரிந்துகொள்ளாமல் இடும் கையொப்பம் மருத்துவருக்கும் பாதுகாப்பு ஆகாது.

"இவ்வளவையும் படிக்காத எங்களால் கற்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு, நம் கடற்கரைக்கு எதிரே, பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணத்தின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். 1847-ஆம் ஆண்டு அங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர்கள் சம்பளப் பணி தேடி வேறிடம் சென்றார்கள். கிராமங்கள் மருத்துவரின்றியே இருந்தன. ஆகவே 1860-களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தாமும் தமிழ் கற்று, மாணவர்களின் துணையோடு அறுவை மருத்துவத்தையும் வேதியியலையும் தமிழாக்கினார். உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872-ஆம் ஆண்டு வெளிவந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழிலேயே மருத்துவம் கற்றுத் தேறினார்கள்.

கிரீன் கையாண்ட சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூறியல் ஆயிற்று. அவர் 'கெமிஸ்தம்' என்றது வேதியியல் ஆயிற்று. சொற்கள் மாறும். மனித உடலைத் தமிழில் முழுமையாகச் சொல்ல முடியும் என்பது மட்டும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஒரு மாணவருக்கு மருத்துவம் முழுவதையும் தமிழில் கற்பிக்க இயன்றது என்றால், ஒரு நோயாளிக்கு அவருடைய ஓர் உறுப்பைத் தமிழில் விளக்க எங்களுக்கு நேரமில்லை என்று சொல்வது சாக்குப்போக்கே ஆகும். 'கிட்னி' என்றாலும் 'சிறுநீரகம்' என்றாலும் எங்களுக்கு ஒன்றே. அது எங்கே இருக்கிறது என்று நீங்கள் காட்ட முடிய வேண்டும்.

இத்தேர்வில் நோயாளி தோற்றால் அதில் எங்களுக்கும் பங்குண்டு. ஆகவே மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் எங்கள் வேண்டுகோள் இது: "புரிந்ததா?" என்று கேட்டுவிட்டு நகராதீர்கள். அதற்கு எல்லோரும் "புரிந்தது" என்றே சொல்வார்கள். "வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சொன்னது பிழையானால் வேறு சொற்களால் மறுபடியும் விளக்குங்கள்.

நோயாளிகளும் உடனிருப்போரும் மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் நான்கு வினாக்களுக்கு விடை பெற்றுக்கொள்ள வேண்டும். நோய் எந்த உறுப்பில், அது உடலில் எங்கே உள்ளது? வலமா, இடமா? என்ன செய்தார்கள்: பார்த்தார்களா, தைத்தார்களா, எடுத்தார்களா? எடுத்தது எது, எஞ்சியது எது, உள்ளே வைத்தது எது, அதை மீண்டும் எப்போது எடுக்க வேண்டும்?

இரண்டாம் வினாவுக்கு ஒரு குறிப்பு: வலம் என்றால் எப்போதும் நோயாளியின் வலம், எதிரே நிற்பவரின் வலமன்று. உலக சுகாதார நிறுவனம் 2008-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புப் பட்டியலும், மயக்க மருந்து தருமுன் நோயாளி தம் பெயரையும், அறுவை நடக்கவேண்டிய இடத்தையும், செய்யப்போகும் அறுவையையும் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. மூன்று பேர் அதே வினாவைக் கேட்டால் எரிச்சல் கொள்ளாதீர்கள். மூவருக்கும் விடை சொல்லுங்கள்.

விடைகளை ஒரு சிறு நோட்டின் முதற்பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். எழுத இயலாவிட்டால் எங்கள் செவிலியரைக் கேளுங்கள், எழுதித் தருவார்கள். அப்பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவையுங்கள். அடுத்த மழையில் கோப்பு நனைந்தாலும் அந்தப் படம் நனையாது.

அந்த மூதாட்டிக்கு எடுக்கப்பட்டது கருப்பை என்பதும், குடல்வால் உள்ளேயே இருக்கிறது என்பதும் ஸ்கேனில் தெரிந்தன. அழற்சியுற்றிருந்த குடல்வால் அன்று இரவே அகற்றப்பட்டது. வீடு திரும்பும் நாளில் மகள் ஒரு பள்ளி நோட்டை நீட்டி, எடுத்தது எது என்று எழுதித் தரும்படி கேட்டார். எழுதித் தந்தோம்.